செகண்ட் ஷிப்ட் சோறு

என் வீட்டுக்காரருக்கு செகண்ட் ஷிப்ட் வந்தால் எனக்குத் தலை சுற்றும். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போகிற வாரங்களில், வேலை முடிந்து வடக்குத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, குளித்துவிட்டுத் தட்டின் முன் உட்கார ராத்திரி பதினொன்றாகிவிடும். அதுவரை வீட்டுப் பெண்கள் ராத்திரிச் சோற்றில் கை வைக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் போன ஆள் மேலே ஏறி வீடு வந்து சேர்வதற்குள் நாம் சாப்பிட்டால் அவனுக்கு ஆகாது என்பது என் மாமியாரின் நம்பிக்கை. காலமாகிவிட்ட என் மாமனாரும் அதே சுரங்கத்தில் இருந்தவர்தான். அவர் வேலை பார்த்த காலம் முழுக்க மாமியார் அப்படித்தான் காத்திருந்தாராம்.

திருவதிகையில் என் அம்மா வீட்டில் அவரவர் பசித்தபோது போட்டுச் சாப்பிடுவோம். இங்கே இது முறை போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். பிள்ளை பிறந்த பிறகுதான் பசி என்றால் என்னவென்று தெரிந்தது. அம்மா வீட்டில் அண்ணிக்கும் அதே மாதம் பிரசவம். ஒரே வீட்டில் இரண்டு பச்சை உடம்பு வேண்டாம் என்று என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாமியாரைக் குறை சொல்ல முடியாது. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். சாயங்காலமே எல்லாம் தயாராகிவிடும். செய்து மூடியும் வைத்துவிடுவார். குழந்தை மட்டும் விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து விடாமல் பால் குடிப்பான். நான் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு செகண்ட் ஷிப்ட் வாரத்தில், பால் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு எழுந்தவளுக்குக் கண் இருட்டிவிட்டது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, பிள்ளையை விடவில்லை. மாமியார் ஓடிவந்து அவனை வாங்கிக்கொண்டார்.

"பால் குடுத்துக் குடுத்தே நீ தேஞ்சிகினு போற. நாளைலேர்ந்து டப்பா பால் குடுத்துடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிறுத்த வேண்டியது பாலா, பட்டினியா?

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனோம். குழந்தையை எடை போட்டுவிட்டு, என் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார் நர்ஸ். "கொழந்தைக்கு எடை நல்லாத்தான் ஏறியிருக்கு. பாலை எதுக்கு நிறுத்தணும்? ஒனக்குத்தான்மா ரத்தம் கம்மியா இருக்கு. மாத்திரையை விடாத, வேளாவேளைக்குச் சாப்புடு" என்றார். பக்கத்தில் நின்ற மாமியாரும் நன்றாகத் தலையாட்டினார். அன்று சாயங்காலமும் சட்டி மூடியேதான் இருந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாலையும் நிறுத்தப் போவதில்லை, பட்டினியும் கிடக்கப் போவதில்லை. கதவு மறைவில் இரண்டு பிஸ்கட்டைக் கடித்துச் சமாளித்திருக்கலாம். திருடித் தின்ன நான் என்ன பூனையா? சோறும் கீரையும் ஒரு முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்து நடுவில் வந்து உட்கார்ந்தேன்.

"என்னா பண்ற நீ?"

"சாப்புடுறேன் அத்தை. நீங்களும் வாங்க, போடுறேன்."

"எம்புள்ள உள்ள இருக்கான்டி! அவனுக்கு ஒண்ணுன்னா என்னா பண்ணுவ?"

பொய் சொல்லவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வாயிலிருந்த சோற்றைத் தண்ணீரைக் குடித்து இறக்கினேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாது அத்தை. நான் வுழுந்தா ஒங்க பேரனும் சேர்ந்து வுழுவான்."

மாமியார் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விடிந்ததும் பஞ்சாயத்து. வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீ வர்றதுக்கு முன்னாடியே ஒம்பொண்டாட்டி சாப்ட்டுட்டா" என்று மாமியார் ஆரம்பித்தார். சண்டைக்கு நான் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"எம்மா, நான் ஏழு மணிக்கே கேன்டீன்ல சாப்ட்டுடுவேன். அங்க எல்லாருமே அப்படித்தான். நீங்க காத்துகினு இருக்கீங்களேன்னுதான் வூட்டுக்கு வந்து மறுபடியும் உக்கார்றேன்."

கையில் கரண்டி இருந்தது. வீசாமல் விட்டது என் நல்ல குணம். இத்தனை நாள் இந்த மனிதர் இரண்டு தடவை சாப்பிடுவதற்காகவா நான் ஒரு தடவைக்குக் காத்துக்கிடந்தேன்? வாயைத் திறக்கப் போனவள், மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை மறந்தே போயிருந்தார்.

"ஒங்கப்பாவும் அங்கியே சாப்ட்டுட்டுதான் வருவாரா?" என்று மகனிடம் கேட்டார்.

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கேன்டீன் அப்பவும் இருந்திச்சிம்மா" என்றார்.

மாமியார் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். டப்பா பால் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் தன் தட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அவர் தனக்கென்று சோறு கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.