என் அளவுக்கு வாங்கிய பூட்ஸ்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது. முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர், உள்ளே தடிமனான கம்பளி. பனியில் நடப்பதற்கென்றே செய்தது. பாண்டிச்சேரி வெயிலில் இதற்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். மாமியார் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, "எங்க சின்ன மருமவளுது. கனடாவுல ஐஸ்ல நின்னு வேலை பாக்குறா இல்ல, அதுக்கு" என்று ஆரம்பிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த பூட்ஸ் சின்ன மருமகளின் அளவே இல்லை. அது என் கால் அளவு.

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே ஆபீஸ், மூலக்குளத்தில். வெளிநாட்டுச் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் தண்ணீரை இங்கிருந்தபடியே கண்காணிக்கும் சின்னக் கம்பெனி. அங்கே ஓடையில் கருவி இருக்கும், அது அளக்கும் நீர்மட்டம் இங்கே திரையில் கோடாக ஓடும். என் பொறுப்பில் இருந்தது கனடாவில் பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள ஒரு சுரங்கம். குளிர்காலம் முழுக்க எல்லாம் உறைந்து, கோடு அசையாமல் கிடக்கும். வெயில் வந்து பனி உருகத் தொடங்கினால், சுரங்கத்து மண்மேடுகளைக் கழுவிக்கொண்டு தண்ணீர் இறங்கி ஒரு மதகு வழியாக ஆற்றுக்குப் போகும். அழுக்கு அளவு மீறினால் மதகை மூடித் தண்ணீரைக் குட்டையில் தேக்க வேண்டும். மீறுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

முதல் வருஷம் நான் ஒரு கூத்து அடித்தேன். மழையே இல்லாமல் கோடு தினமும் ஏறி இறங்கியது. நான் அரியாங்குப்பத்தில் பிறந்தவள். கடல் ஏறும்போது ஆறும் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பக்கத்தில் எந்தக் கடல் என்று மானேஜரிடம் கேட்டேன். அந்தச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கடலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆபீஸே சிரித்தது. "அக்கா, இன்னிக்குக் கடல் எப்படி?" என்று ஓரகத்தி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். சிரிப்பு அடங்கிய பிறகும் நான் கோட்டை விடவில்லை. எங்கள் ஊர் ஆறு தினமும் இரண்டு முறை ஏறும், இது ஒரே முறை ஏறியது. அப்படியென்றால் இது சூரியன் செய்கிற வேலை. பகலெல்லாம் உருகுகிற பனி மேட்டிலிருந்து இறங்கி மதகுக்கு வந்து சேரும்போது அங்கே சாயங்காலம் ஆகிவிடுகிறது. அப்போது நம் ஊரில் விடியற்காலை, வாசல் தெளிக்கிற நேரம். அன்றிலிருந்து அந்தத் தண்ணீரை ஒரு தரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. வேறு எந்த ஊருக்கும் போக நான் ஆசைப்பட்டதில்லை.

வருஷாவருஷம் பனி உருகும் காலத்தில் கருவிகளைச் சரிபார்க்க இங்கிருந்து ஒருவரை அனுப்புவார்கள். என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கால் அளவு கேட்டு பூட்ஸ் வாங்கினார்கள். பூட்ஸ் வந்தது, விசா வரவில்லை. பனி எனக்காகக் காத்திருக்குமா? ஓரகத்தி சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்ததால் குடும்பத்துக்கே பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு, பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு எல்லாம் சுலபமாக முடிந்தது. என் பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள். வழியனுப்பப் போன நான் கையை ஆட்டினேன். வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து மெழுக எனக்கு விருப்பமில்லை.

கோடு தண்ணீர் ஏறுவதைத்தான் காட்டும், அழுக்கைத் தண்ணீர் பிடித்துத்தான் சோதிக்க வேண்டும். அங்கே காலையில்தான் பிடிப்பார்கள், அதுதான் வழக்கம். இரவுக் குளிரில் பனி இறுகி, காலையில் தண்ணீர் மெலிந்து தெளிவாக ஓடும். சோதனையும் தினமும் சுத்தம் என்றே வந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. போன் போட்டு, "காலையில புடிச்சு என்னா பிரயோஜனம்? சாயங்காலம் ஏறும்போது போய்ப் புடி" என்றேன். போனாள். பிடித்த தண்ணீர் செம்மண் குழைத்தது போல இருந்ததாம். அன்றைக்கே மதகை மூடினார்கள்.

வீடியோ கூட்டத்தில் சுரங்கத்துப் பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். அவள் சிவந்த மூக்கோடு பிரெஞ்சில் ஏதோ நீளமாகப் பேசினாள். பாண்டிச்சேரிக்காரி என்று பேர், எனக்கு மெர்சிக்கு மேல் தெரியாது. என் சாமர்த்தியத்தை என் கண்முன்னாலேயே தன் பேரில் எழுதிக்கொள்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் மானேஜர் சொன்னார், "உன்னப் பத்திதாம்மா அவ்வளவு நேரம் பேசுச்சு. கண்டுபுடிச்சது ஊர்ல இருக்கிற எங்க அக்கா, நான் பாட்டில் புடிச்சதோட சரின்னுச்சு." கேட்டு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ இன்னும் எரிந்தது. பாஸ்போர்ட் இருக்கிறது, பாஷை இருக்கிறது, இதில் நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். திட்டுவதற்குக்கூட எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

சுரங்கத்துக்காரர்கள் அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கொழுந்தனும் போய்ச் சேர்ந்துகொண்டார். லீவில் வந்தபோது பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க அளவுதானேக்கா. நான் என் சைஸ்ல வாங்கிட்டேன்." அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் விசாவுக்கு எழுதிப் போடவில்லை.

இப்போது விடியற்காலை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கோடு ஏறத் தொடங்கினால் அவளுக்குப் போன் போடுவேன், "ஏறுது, போய் எடு" என்பேன், வைத்துவிடுவேன். அங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முதலில் அவளாகச் சொல்லிப் பார்த்தாள். என் பதில் சுருங்கிக்கொண்டே போனதும் நிறுத்திவிட்டாள்.

இன்று காலை நான் லேப்டாப்பைத் திறக்கும்போது மாமியார் அந்த பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். "பழைய சாமான்காரன் வந்தா போட்டுடலாமா? சின்னவதான் புதுசு வாங்கிட்டாளே."

"அது என்னுது அத்தை" என்று பிடுங்கிக்கொண்டேன். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

அறைக்கு வந்து கதவைச் சாத்தி, பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மே மாதப் புழுக்கத்தில் கம்பளிக்குள் கால் வெந்தது. திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. போன் போட்டேன்.

"இதோ மதகுகிட்டதான்கா நிக்கிறேன்" என்றாள். "புடிச்சிட்டேன்."

வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"சத்தம் எப்படி இருக்கும்?" என்றேன்.

அவள் குனிந்து போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். முதலில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி நறநறவென்றன. அதற்கு அடியில் தண்ணீர் இரைந்து ஓடியது. நான் பார்த்த கோட்டில் இந்தச் சத்தம் இருந்ததே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. கால் இரண்டும் வியர்வையில் நனைந்தன.

"போதுமாக்கா?" தூரத்திலிருந்து அவள் குரல். "கையெல்லாம் வெறைக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் புடி" என்றேன்.