முதுகில் ஏறிய கேஸ்

அக்காவின் கிட்னி எனக்குள் வந்த நாளிலிருந்து அதை மகாராணி மாதிரிதான் வைத்திருந்தேன். காய்ச்சிய தண்ணீர், முகக்கவசம், நேரம் தவறாத மாத்திரை. கந்தர்வக்கோட்டையில் என் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர் தும்மினால்கூட முறைப்பேன். கிட்னிக்குக் கீழே, மேலே, பின்னாலே உடம்பு என்று ஒன்று இருப்பதைத்தான் மறந்துபோனேன்.

ஆபரேஷன் முடிந்த புதிதில், மற்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாது என்று கேஸ் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். பிறகு டாக்டர், "இது இனி வேண்டாங்க" என்று சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அவர் விட்டார், நான் விட்டேனா? நிறுத்திய வாரமே நெஞ்சு எரிந்தது. இதற்குப் போய் பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே எனக்கு டாக்டராகிவிட்டேன். மருந்துக்கடையிலும் கேட்டதும் கொடுத்தார்கள்.

சொந்தத்துக்குள் எனக்கு இருந்த செல்வாக்கே அந்த மாத்திரையால்தான். கெடா வெட்டில் கறிச்சோறு தின்றுவிட்டு எழுந்தவர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். "மாப்ள, அந்தக் கேஸ் மாத்திரை இருக்கா?" நானும் வெற்றிலை பாக்கு வைக்கிற கணக்காய் அட்டையைக் கிழித்துக் கிழித்துக் கொடுப்பேன். "ஒண்ணும் பண்ணாதுங்க. நான் எத்தனை வருசமாப் போடுறேன், என்னையப் பாருங்க" என்று நிமிர்ந்து நின்று காட்டுவேன். அப்போது நிமிர முடிந்தது.

ஒருநாள் கடையில் ஆணிப் பெட்டியைக் குனிந்து தூக்கியபோது முதுகில் சுளீரென்றது. எங்கள் பக்கம் நெஞ்சு வலித்தாலும் கேஸ்தான், முதுகு வலித்தாலும் கேஸ்தான். பக்கத்து டீக்கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேஸ் முதுகுல ஏறி நிக்குதுண்ணே" என்றார். அட, ஆமாம் என்று எனக்கும் பட்டது. வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, அதைத் தொடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. பதிலாக, காலையில் போடும் கேஸ் மாத்திரையை ராத்திரிக்கும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அக்காவுக்கு ஒரே மகள். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான். கிட்னி கொடுத்தவளுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? அந்த மடி ஒன்றுதான். அதைக்கூடக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன். வீட்டில் மனைப்பலகை போட்டு, அரிசிப் பையை மடியில் வைத்து ஒத்திகை பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட என் மனைவியும் எதிர்வீட்டுக்காரரும் வரவேண்டியிருந்தது.

வழக்கமான செக்கப்புக்கு வல்லத்திராக்கோட்டையிலிருந்து அக்காவும் கூட வந்தாள். முதுகு வலி என்றதும் எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டை ஒன்று நொறுங்கி அமுங்கியிருந்தது. "நான் எழுதிக் குடுத்தது போக வேற என்ன போடுறீங்க?" என்றார் டாக்டர். "வருசக்கணக்காப் போடுறதுதாங்க, முதுகு வலிக்காக இப்ப ராத்திரியும் சேத்துக்கிட்டேன்" என்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெருமையாக நீட்டினேன்.

அவர் அதையும் எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்தார். "கிட்னிக்காகப் போடுற ஸ்டீராய்டே எலும்பை அரிக்குங்க. அதோட இதையும் வருசக்கணக்கா நீங்களாப் போட்டா எலும்பு இன்னும் பலவீனமாகலாம். இது மட்டுமே காரணம்னு சொல்லலை. ஆனா, எலும்பு நொறுங்குனதுக்குக் கேஸ் மாத்திரை போட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

வெளியே பெஞ்சில் அக்கா எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "ஒனக்குக் கிட்னி வேணும்னாங்க. எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணைக் குடுத்துட்டேன். முதுகெலும்புக்கு நான் எங்கிட்டுடா போவேன்?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன், மடையன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

காதுகுத்து அன்று கருப்பர் கோயிலில் பூசாரி மனையைக் காட்டினார். நான் டாக்டர் போடச் சொன்ன இடுப்புப் பட்டையோடு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். "அவன் சேர்லயே உக்காரட்டும் சாமி, கருப்பரு கோவிச்சுக்க மாட்டாரு" என்று அக்காவே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி ஊசியை வைத்ததும் பயல் வீறிட்டு உதைத்தான். ஓர் உதைகூட என்மேல் படவில்லை. எல்லாம் அக்காவின் விலாவோரம் விழுந்தது, எனக்காக அறுத்துக் கொடுத்த அதே பக்கத்தில்.

"வலிக்குதாக்கா?" என்றேன்.

"நீ முதுகை வளைக்காம உக்காரு" என்றாள்.