டேனிஷ் நாவலின் கடைசித் தாள்

குற்றாலத்தில் சாரல் நின்றால் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கும் என் வேலை இருக்காது. தென்காசி நூலகத்துக்குப் படிக்கப் போய்விடுவேன். அங்கே வரும் பெரியவர் ஒருவருக்கு டென்மார்க் எழுத்தாளர்கள் என்றால் உயிர். மூக்குப்பொடி அப்பிய விரலை நக்கித்தான் பக்கம் புரட்டுவார்.

அவர் புகழ்ந்த டேனிஷ் நாவலை நானும் எடுத்தேன். பண்ணை வேலைக்காரி ஒருத்தி கைக்குழந்தையோடு பனியில் நடக்கிறாள். பக்கமெல்லாம் பொடியும் எச்சிலும். நகநுனியால் தாளைப் புரட்டிப் படித்தேன். கடைசித் தாளைக் காணோம்.

"அண்ணாச்சி, கடைசித் தாள் எங்க?"

"கிழிச்சு வீட்டுல வச்சிருக்கேம்லே. தெனமும் வாசிச்சு அழுவேன். கண்டவன் கை அதுல படலாமா?"

"புள்ள பொழச்சுதா? அத மட்டுமாவது சொல்லுங்க."

"ஒனக்கு எதுக்குலே இலக்கியம்? போயி எண்ணெயத் தேயி."

தினமும் அழுகிறவருக்கு இந்த மனம் எப்படி வந்தது என்று இன்னும் விளங்கவில்லை. அந்தக் குழந்தை பிழைத்ததா என்பதும் தெரியவில்லை.