கலியமூர்த்தி சார் காரில் எட்டுப் பேருக்குத்தான் இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு சாகுல் சார் போன் செய்தார். அவர் போன் செய்கிறவரே இல்லை, தினமும் காலை வணக்கத்துக்கு ஒரு பூப்படம் அனுப்புவதோடு சரி. எடுத்ததும், "நாளைக்கு வண்டி வராது டீச்சர்" என்றார். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஏன் வராது, மறுபடியும் யாருக்காவது வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரா, திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்குப் பத்தாம் வகுப்பு என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா என்று ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினேன். சாகுல் சார் குறுக்கிடவில்லை. நான் ஓய்ந்த பிறகு, "சார் போயிட்டாரு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல" என்றார்.

ஆக, கலியமூர்த்தி சாரை நான் கடைசியாகத் திட்டியது அவர் இறந்து இரண்டு மணி நேரம் கழித்து. இருந்தபோதும் அவர் என் திட்டைக் காதில் வாங்கியதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

படத்திறப்பு அன்று எல்லோரும் நன்றாகப் பேசினீர்கள். அவர் வேதியியல் நடத்திய விதம், ஒரு பிள்ளையையும் கை நீட்டி அடிக்காதது, ஆய்வகத்தில் தன் கையாலேயே குடுவை கழுவியது எல்லாம் வந்துவிட்டது. அவர் கார் ரேடியோவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த ரேடியோ விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவள் நான்தான். கணக்கு டீச்சர் மங்கை. நான்தான் சொல்ல வேண்டும்.

உங்களில் பாதிப் பேர் அந்த வெள்ளைக் காரில் ஏறியிருப்பீர்கள். தஞ்சாவூரிலிருந்து வடுவூர் தாண்டி நம் பள்ளிக்கூடம். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பும். சார் ஓட்டுவார், நான் முன்சீட்டு, சாகுல் சார் பின்னால். அவர்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவர் சார்தான். அதனால் அது அவருடைய கார் என்று அவரைத் தவிர யாரும் நினைக்கவில்லை, அவரும் அப்படி நினைத்தாரா என்பது சந்தேகம். பிரசவத்துக்கு, பெண் பார்க்க, உரமூட்டை ஏற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். ஏறுகிறவர்கள் தங்கள் போனை ரேடியோவோடு சேர்த்துப் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள். போன் சேர்ந்ததும் அவர்கள் பெயர் திரையில் வரும். அதைப் பார்த்து அவர்கள் முகம் மலர்வதை சார் ஓரக்கண்ணால் பார்ப்பார்.

எட்டு மணிக்கு அந்த ரேடியோவில் கயல் வருவாள். சாருடைய ஒரே மகள், சிங்கப்பூரில் நர்ஸ். நமக்கு எட்டு என்றால் அவளுக்குப் பத்தரை, டீ குடிக்கப் பத்து நிமிடம் விடுவார்கள். சாயங்காலப் பேச்சு அம்மாவுக்கு, காலைப் பேச்சு அப்பாவுக்கு என்று பிரித்து வைத்திருந்தாள். வடவாற்றுக் கரையில் வண்டி திரும்பும்போது நாலு ஸ்பீக்கரிலும் "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்கும். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டதைச் சொல்வோம். "அவளும் கூடவே வண்டியில வர்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்பார் சார். அந்தப் பத்து நிமிடமும் வண்டி முப்பதுக்கு மேல் போகாது.

போன வருஷம் ஆடியில் கயல் அப்பாவுக்குப் புதுப் போன் அனுப்பினாள். வினை அதில் வந்தது. புதுப் போன் ரேடியோவோடு சேரவில்லை. தேடும், தேடும், முடியவில்லை என்று கைவிரித்துவிடும். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டேன் என்பது சாரின் வைராக்கியம். காதில் மாட்டிக்கொள்ளவும் மாட்டார், ஹாரன் கேட்காதாம். நான் ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், வண்டி இரைச்சலில் கயல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. கடைசியில் தினமும் எட்டு மணிக்கு வடவாற்று மதகுப் பக்கம் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் தாமதம். தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார்.

சும்மா இருப்பேனா நான். ரிப்பேரில் இறங்கினேன். சாகுல் சாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், போனை அணைத்து மறுபடி போடுவது. அதை ஏழு தடவை செய்தார். நான் ஒரு படி மேலே போய், காரின் ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். ஒன்றை எங்கே மாட்டினேனோ, ஹாரன் போய்விட்டது. அன்று வடுவூர் வரை சாகுல் சார் ஜன்னலில் தலையை நீட்டி, ஆட்டு மந்தையிடம் "ஓரம் ஓரம், கொஞ்சம் ஓரமா போங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆடுகளும் ஒதுங்கின. பைபாஸில் கார் செட் போடும் கடைக்காரர், "செட்டு செத்துப் போச்சு சார், வேற போட்டுருவோம்" என்றார். சார் எஃப்.எம்.மைத் திருகிக் காட்டி, "செத்தது பாடுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். டாஷ்போர்டுப் பெட்டியில் விபூதிப் பொட்டலங்களுக்கு அடியில் அந்த ரேடியோவின் கையேடு இருந்தது. எறும்பு சைஸ் எழுத்து. அரையாண்டு விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு அதைப் படித்தேன். ரேடியோ எட்டுப் போனைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஒன்பதாவது வர வேண்டுமானால் ஒன்றை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். மறுநாள் வண்டியில் ஏறியதும் ஏறாததுமாக, "ஒருத்தர் பேரை அழிங்க சார், சரியாயிடும்" என்றேன். வீட்டு மாட்டை அடிமாட்டுக்கு விற்கச் சொன்னதுபோல சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பஞ்சாயத்து வைத்தோம். முதல் பெயர் அவருடைய பழைய போன். அதை எடுத்துவிடலாமே என்றால், அது இப்போது வீட்டில் அக்கா கையில், அக்கா பெயரில். கட்டிய மனைவியை எடுத்தால் சோறு கிடைக்காது. இரண்டாவது நாகப்பட்டினத்துச் சம்பந்தி, கயலின் மாமனார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனபோது சேர்ந்தவர். பங்காளி வீட்டுப் பத்திரிகையில் தன் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது என்பதற்காகக் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் திரும்பியவர். அவரை எடுப்பதா? மூன்றாவது மச்சான், பேச்சே வேண்டாம். நான்காவது சாகுல் சார், பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாவது மாறுதலாகிப் போன பழைய தலைமையாசிரியர். "ஊரை விட்டுப் போனவரு, எடுங்க" என்றேன். "போனவரைத்தான் டீச்சர் எடுக்கக் கூடாது. இருக்கிறவரு கேட்டா சமாதானம் சொல்லிக்கலாம்" என்றார். ஆறாவது பம்புசெட் மெக்கானிக். குறுவைக்கு மோட்டார் படுத்தால் யார் வருவது?

ஏழாவது பெயர் ரோஜா. யார் என்று சாருக்கே தெரியவில்லை. எங்கள் வண்டியில் ரோஜா என்று யாரும் ஏறியதில்லை. வீட்டில் அக்கா இதை எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு வாரம் ரசத்தில் உப்புப் போடவில்லை. அப்படியும் சார் அந்தப் பெயரை எடுக்க மாட்டேன் என்றார். "யாருன்னே தெரியாம எப்படி டீச்சர் வெளிய போகச் சொல்றது?"

எட்டாவது பெயர் வந்தபோது, "இது நம்ம டீச்சர்" என்று சொல்லி பட்டியலை மூடிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் விடவில்லை. கயலை என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன், என் போன்தான் ரேடியோவில் இருக்கிறதே. மறுநாள் எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். அவள் மாமியார் ஏதோ சொன்னதாக ஆரம்பித்தாள். என் வாய் சும்மா இருக்குமா? அந்த மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று பத்து நிமிடமும் நானே பேசி முடித்துவிட்டேன். அப்பாவுக்கு "சரிம்மா" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. அடுத்த நாள் வண்டி பழையபடி மதகில் நின்றது. "கொதிக்கிறதுக்கு முன்னாடி கிளறாதீங்க டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் சொல்வதை என்னிடமும் சொல்வார்.

மார்கழியில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க சார் இறங்கினார். போன் சீட்டில் கிடந்தது. சாகுல் சார் பின்னாலிருந்து, "பாவம் டீச்சர், வேணாம் டீச்சர்" என்று முனகிக்கொண்டே இருக்க, நான் ரோஜாவை அழித்துவிட்டு சாரின் போனைச் சேர்த்தேன். மறுநாள் எட்டு மணி. "அப்பா, சாப்டீங்களா?" நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று வந்தது. சார் வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்படிச் சரியானது என்று கேட்டார். தானாகச் சரியாகிவிட்டது என்றேன். "எதுவும் தானா ஆகாது டீச்சர்" என்றார் வேதியியல் வாத்தியார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பதினோரு நாள் அந்தச் சந்தோஷம். தை பிறந்தது, சம்பா அறுப்புக்கு மெஷின்கள் வந்தன. ஒரு காலையில் வழியில் ஒருவர் கை காட்ட, சார் வண்டியை நிறுத்தினார். அறுப்பு மெஷின் டிரைவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், கொடுவாள் மீசை. போன வருஷம் சாரின் ஒன்றரை மா நிலத்தையும் அவர்தான் அறுத்தாராம். மெஷினுக்கு பெல்ட் அறுந்துவிட்டது, மன்னார்குடி வரை போக வேண்டும். நான் முன்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உரிமையோடு ரேடியோவைத் தட்டினார். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அந்தப் பெரிய முகம் சுருங்கிவிட்டது. "என்னை எடுத்துட்டீங்களாங்க சார்? ரோஜாவக் காணோமே. எம்பொண்ணு பேருங்க அது. போனுக்கு அந்தப் பேருதான் வெச்சிருக்கேன்."

சாகுல் சார் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அபூர்வமான கொக்கைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். சார் வண்டியை ஓரம் கட்டினார். ரேடியோதான் கோளாறு, அடிக்கடி மறந்துவிடுகிறது என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே பட்டியலைத் திறந்தார். தன்னுடைய பெயரை எடுத்தார். ரோஜாவைச் சேர்த்தார். டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு தாளம் போட்டார். அன்று எட்டு மணிக்கு வந்த அழைப்புக்கு சார் மதகில் இறங்கி நின்று பேசினார்.

மன்னார்குடி பஸ் பிடிக்க வடுவூரில் டிரைவர் இறங்கியதும் நான் வெடித்தேன். வருஷத்துக்கு ஒரு நாள் ஏறுகிறவனுக்காகத் தினமும் பேசுகிற பெண்ணை ரோட்டில் நிறுத்துவார்களா என்று கேட்டேன். அவர் கியரை மாற்றினார். பிறகு, "எங்கப்பா ஊர்ல பாதிக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவரு டீச்சர். ஒரு பத்திரிகையிலயும் அவரு பேரு வந்ததில்ல. இருக்கிற பேரை எடுக்க எனக்குக் கை வராது" என்றார். நான்தான் ரோஜாவை எடுத்தேன் என்பது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றும் சொன்னார். வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் வரும் வரைதான். இறங்கும்போது, பிழைக்கத் தெரியாத ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

அதன்பின் ஒன்பது மாதம் மதகுதான். சித்திரை வெயிலில் தலையில் கைக்குட்டை, மழையில் ஒரு கையில் குடை. நானும் சாகுல் சாரும் வண்டிக்குள் உட்கார்ந்து, என் போனில் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பதினாறு முடிந்த பிறகு கயல் வாரிசுச் சான்று விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போகக் கிளம்பினாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அவள்தான் ஓட்டினாள், பின்னால் அக்கா. ரேடியோவைத் தட்டிய கயல், பட்டியலில் இருந்த பெயர்களை வரிசையாகப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தை, இதுல அப்பாவே இல்லையே?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். சம்பந்தி, ரோஜா எல்லாம் சொல்லும்போது சிரித்தாள், பின்னாலிருந்து அக்காகூடச் சிரித்தார். ஏழு பெயரையும் சொல்லி, எட்டாவதில் என் வாய் நின்றுவிட்டது. திரையில் மங்கை மேத்ஸ் என்றிருந்தது. கணக்கு டீச்சர் நான். எட்டுப் பேரில் ஏழு பேரைத்தான் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறேன். மனைவியை எடு, சம்பந்தியை எடு, ஊர் பேர் தெரியாதவரை எடு என்று அவர் உயிரை வாங்கினேன். என்னை எடுங்கள் என்று சொல்ல ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

என் பெயரின் மேல் விரலை வைத்தேன். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. கயல், தன் போன் வேண்டாம், அப்பாவுடையதைச் சேருங்கள் என்றாள். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், இன்னும் அதற்கு யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கலியமூர்த்தி என்று திரையில் வந்தது. மூன்று பேரும் அழுதோம்.

அவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்திருக்கிறேன் என்றால், அவர் என்னிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை. "உங்க பேரை எடுத்துக்கட்டுமா டீச்சர்?" அவ்வளவுதான், ஒரு வரி. ஒன்பது மாதமும் அது அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் போயிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரியும்.