ராத்தாவுக்காக நான் சொன்ன சம்மதம்

எங்கள் வீட்டு மூத்த மகள் ராத்தா ஞாயிறு தவறாமல் எனக்கு நிக்காஹ் செய்துவைப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது.

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனை பஸாரில் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடிதான் எங்கள் வீடு. ராத்தா றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். ஞாயிறு காலையில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அவளிடம் மார்க்கம் படிக்க வருவார்கள். தொழுகை, நோன்பு பாடங்களோடு, கல்யாணத்தில் பெண்ணுக்குள்ள உரிமைகள் என்று ஒரு பாடத்தையும் அவளாகச் சேர்த்துக்கொண்டாள். நிக்காஹ்வுக்கு முன் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பார். அவள் வாய் திறக்காவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெட்கம் என்று அதற்கு அழகான பெயரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே ராத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் எங்களுக்கு ஒத்திகை நடக்கும். வாப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு ராத்தா தகப்பனாவாள். தொண்டை பெரிது என்பதால் முதல் மணப்பெண் எப்போதும் நான்தான். அவள் கேட்டு முடிக்குமுன் "சம்மதம்" என்று கத்துவேன். கீழே துணி கிழித்துக்கொண்டிருக்கும் வாப்பாவுக்கும் கேட்கும். எனக்குப் பிறகு பெரிய பிள்ளைகள் சம்மதமில்லை என்று சொல்லவும், நிபந்தனை வைக்கவும் பழகுவார்கள். சின்னவள் என்று என்னை அதிலெல்லாம் சேர்க்கவில்லை.

"நிக்காஹ்வுக்கு முந்தி கேட்டா அது நிபந்தனை. பொறகு கேட்டா கெஞ்சல்," என்பாள் ராத்தா.

அவளுக்கே மாவனெல்லையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. நல்ல மனிதர் என்றார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகும் வழக்கம் இல்லையாம். பாடசாலையை விடமாட்டேன் என்று ராத்தா வாப்பாவிடம் சொல்லிவிட்டாள். கல்யாணம் முடியட்டும், பொறகு பேசிக்கொள்ளலாம் என்றார் வாப்பா. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொறகு இருந்தது. எனக்கோ அவள் ஏன் அடம்பிடிக்கிறாள் என்று விளங்கவேயில்லை. தினமும் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு தேயிலை மலை ஏறும் வேலையை விடச் சொன்னால் யாராவது அழுவார்களா?

நிக்காஹ் அன்று கடையை மூடிக் கீழே பாய் விரித்திருந்தார்கள். வாப்பா மாமாவையும் பெரிய வாப்பாவையும் சாட்சிகளாகக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். அறை நிறையப் பெண்கள். மூலையில் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா சம்மதம் கேட்டார். எங்களையெல்லாம் பேசப் பழக்கியவளுக்குத் தனக்காகப் பேச வாய் வரவில்லை. குனிந்தே இருந்தாள். அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார்.

"சம்மதம்!" என்றேன்.

அறையே சிரித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றபடி பெரிய வாப்பா திரும்பினார். மூன்று பேரும் படி இறங்கினார்கள். உம்மா என் தலையில் முத்தமிட்டார்.

ராத்தா எழுந்தாள். சேலை தரையில் இழுபடப் படிக்கட்டின் தலைக்குப் போனாள்.

"வாப்பா, நில்லுங்க. சொன்னது தங்கச்சி. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்ல."

பாதிப் படியில் வாப்பா நின்றார். கீழேயிருந்து மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாப்பா சாட்சிகளோடு ஒவ்வொரு படியாகத் திரும்ப ஏறிவந்து, மூன்றாம் தடவை மெதுவாகக் கேட்டார்.

"நான் ஸ்கூல விடமாட்டன். அத எல்லார்ட முன்னுக்கும் ஏத்துக்கிட்டு, தாள்ல எழுதித் தந்தா சம்மதம். இல்லாட்டி இல்ல."

வாப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சாட்சிகளிடம், "கேட்டீங்க தானே. மகள் சொன்னத அப்பிடியே போய்ச் சொல்லுங்க," என்றார்.

கீழே சத்தம் எழுந்து அடங்கியது. விருந்துக்கு வைத்த சஹன் தட்டுகளில் சோறு ஆறிப்போனது. கடைசியில் மாப்பிள்ளை தன் கையாலேயே எழுதிய தாள் மேலே வந்தது. விடைத்தாள் திருத்துவதுபோல ராத்தா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சம்மதம் சொன்னாள்.

எனக்கு ஆத்திரம். சரியான பதிலைச் சரியான சத்தத்தில் சொன்ன என்னை இத்தனை பேர் முன்னால் பிழையாக்கிவிட்டாளே. கோபத்தோடு கீழே ஓடினேன். பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். வாப்பா போட்டார். சாட்சிகளும் போட்டார்கள். அடுத்து புத்தகம் ராத்தாவிடம் போகும் என்று காத்திருந்தேன். நிக்காஹ்வைப் பதிய வந்த லெப்பை அதை மூடிப் பைக்குள் வைத்தார். இவ்வளவு பேசியவளிடம் புத்தகத்தை நீட்ட அவருக்குப் பயம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்த ஞாயிறு வகுப்பு என்னுடையது. புத்தகத்தில் மணப்பெண்ணின் கையெழுத்தை எங்கள் முஸ்லிம் விவாகச் சட்டம் இன்றும் கேட்பதில்லை. அது கேட்கும்வரை நாங்கள் கேட்போம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒத்திகையில் ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்ல நான் விடுவதேயில்லை. ராத்தாவுக்கு அன்று அந்த வீட்டில் இருந்த ஒரே கையெழுத்து அவளுடைய குரல்தான். அதை நான் போட்டுவிட்டேன் என்பது அந்த ஒன்பது வயதுக்காரிக்குத் தெரியவில்லை.