என் காதைக் குத்த நானே கிளப்பிய கார்

நான்காம் வகுப்பு முடிகிறவரை எனக்குக் காது குத்தவில்லை. கோளாறு காதில் இல்லை, ஈரலில். எனக்கு விவரம் தெரியாத வயதில் மாமா வீட்டுக் கிடா விருந்தில் அப்பாவின் இலைக்கு ஈரல் வறுவல் வராமல் போயிருக்கிறது. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மாமா பின்னாலேயே போய்க் கூப்பிடவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் யாருக்கும் காது குத்துவதில்லை. ஆக, பரிமாறாமல் போன ஒரு துண்டு ஈரல் என் இரண்டு காதுகளையும் இத்தனை வருடம் காப்பாற்றி வந்தது.

அம்மா விடவில்லை. அண்ணனிடம் அழுதாள், கணவனிடம் சண்டை போட்டாள். கடைசியில் இருவரும் வர ஒத்துக்கொண்டார்கள். வருவார்கள், பேசமாட்டார்கள். பென்னாகரம் தாண்டி இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில், பத்தரை மணிக்குள் குத்தியாக வேண்டும் என்று நாள் குறித்தார்கள். “இதுவும் தவறிப் போச்சுன்னா நான் ரெண்டு பேரு மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்” என்று அம்மா பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா முதல் நாளே அரூரிலிருந்து தன் காரில் இண்டூருக்கு வந்துவிட்டார். அந்தக் கார் என்னைவிட மூத்தது, கிட்டத்தட்ட அம்மாவின் கல்யாணத்தோடு ஒத்த வயது. காலையில் அதை மாமா எங்கள் வாசலில் குளிப்பாட்டினார். அம்மா கிண்ணத்தில் குழைத்துக் கொடுத்த சந்தனத்தை எடுத்து முன்விளக்கு, சக்கரம், டிக்கி என்று அது மாப்பிள்ளை என்பதுபோல் பூசிக் குங்குமம் வைத்தார். பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பெட்ரோல் டேங்க் மூடியையும் விடவில்லை. சாப்பாடு போகிற வாய் அது, அதற்கில்லாத பொட்டா என்று கிண்ணத்தின் மிச்சத்தை வழித்து அப்பினார்.

முன் சீட்டில் மாமா, அப்பா, நடுவே நான். நான் அங்கே உட்கார்ந்தது பாசத்தால் அல்ல. எனக்கு உத்தியோகம் இருந்தது. “கண்ணாடிய ஏத்தச் சொல்லுடா” என்பார் மாமா. “முடியாதுன்னு சொல்லுடா” என்பார் அப்பா. தோள் உரசும் தூரத்தில் இருந்த இரண்டு பெரியவர்களுக்கு நான்தான் தபால்.

புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் கார் இருமியது, திணறியது, நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் காது குளிர்ந்தது. பெட்ரோல் முள் செத்துப் பல காலம் ஆகிவிட்டதால் மாமா சாலையோரப் புளியமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து வந்து, டேங்க் மூடியைத் திறந்தார். ‘புஸ்ஸ்’ என்றது. கோலி சோடா உடைப்பதுபோல் அவ்வளவு அழகான சத்தம். குச்சி பாதிவரை நனைந்தது. பெட்ரோல் இருக்கிறது. உடனே மாமா பானெட்டைத் திறந்து, அப்பாவின் புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் போர்த்தினார். கார் கிளம்பியது. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி போட்டால் இறங்கிவிடும் என்று மாமா எனக்கு விளக்கினார். அதாவது அப்பாவுக்கு.

இன்னும் கொஞ்ச தூரம். மறுபடி நின்றது. மறுபடி துண்டு நனைந்தது. இந்த முறை கார் மசியவில்லை.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். வண்டி கேட்பது இரண்டே இரண்டு, நெருப்பும் பெட்ரோலும் என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நெருப்பு பளிச்சென்று வந்தது. அப்படியானால் பெட்ரோல்தான். பிளக்கை மாட்டிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, “அவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுடா” என்றார். அப்பா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு ஓடிச் சொன்னேன். வண்டி கரகரவென்று சுற்றியது. குழாயில் ஒரு சொட்டு இல்லை. “இன்னொருக்கா, விடாம அடிக்கச் சொல்லு” என்றார் மாமா. எனக்கோ காது முக்கியம். “உங்களுக்கு ஒரு சாவியத் திருப்பத் தெரியலையாம்” என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் மூக்கு விடைத்தது. பின் சீட்டில் மாலையும் தட்டுமாக இருந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பம்பு போய்விட்டது, ஆள் கூட்டி வரவேண்டும் என்று மாமா கையை விரித்தார். செல்போனில் டவர் இல்லை. மணி பத்தாகப் போகிறது. வெற்றி என் பக்கம். ஜெயித்தவன் சும்மா இருப்பானா? கொண்டாட ஒரு சோடா உடைக்கலாம் என்று காரின் பின்பக்கம் போய், டேங்க் மூடியை இரண்டு கையாலும் திருகினேன். ‘புஸ்ஸ்ஸ்.’ முன்னைவிட நீளமாக.

அந்த நேரம் பார்த்து அப்பா, தனக்குச் சாவி திருப்பத் தெரியும் என்று உலகத்துக்குக் காட்ட, விடாமல் செல்ஃப் அடித்தார். மாட்டாமல் விட்டிருந்த குழாய் துப்பியது. மாமாவின் வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து வயிறுவரை பெட்ரோல்.

“போதுங்க மாப்ள, நிறுத்துங்க!”

“கண்ணுல பட்டுடுச்சுங்களா மச்சான்?” அப்பா கதவைத் திறந்து ஓடினார்.

“கண்ணுல இல்லீங்க. வருதுங்க மாப்ள, பெட்ரோலு வருது.”

தபால்காரன் மூடியும் கையுமாகப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உதை உறுதி என்று நினைத்தேன். மாமா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவே குண்டூசி நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை, அதில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகும் வழி அதுதான். காற்று போகாவிட்டால் பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டேங்க் விடாது. முதல் முறை காரைக் கிளப்பியது துண்டு அல்ல, குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்ததுதான்.

“இங்க போயி எவன் சந்தனத்த அப்புனது?” என்றார் மாமா.

“நல்லா யோசிச்சுப் பாருங்க மச்சான்” என்றார் அப்பா.

மாமா யோசித்தார். பிறகு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா வேப்ப ஈர்க்கால் ஓட்டையைக் குத்திவிட, மாமா குழாயை மாட்டினார். சட்டையைப் பிழிந்து உதறி, இன்ஜினைத் துடைத்து, வாடை அடங்கியபின் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. கார் கர்ஜித்தது. “எம்மருமவன் பெரிய மெக்கானிக்கு” என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். கோயில்வரை ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. வழியில் மேய்ந்த ஆடுகளுக்கெல்லாம் என் வெற்றி தெரியும்.

இறங்கியதும் பத்தர் ஊசியோடு எழுந்து நின்றார். எங்கே வந்திருக்கிறேன், யார் கொண்டுவந்து சேர்த்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மணி பத்தரை ஆக இன்னும் நேரம் இருந்தது. பெட்ரோல் வாடை வீசும் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டை எங்கள் பக்கம் கொண்டுவராமல் தூரத்திலிருந்தே காட்டினார். நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

திரும்பும்போது பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. காரைச் சரிசெய்த என்னை முன் சீட்டில் ஏற்றாமல் பின்னால் அம்மாவோடு தள்ளிவிட்டார்கள். முன்னால் அவர்கள் இருவரும் மழை, மஞ்சள் விலை, பம்பு செட்டு என்று எதையோ ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். அம்மாவைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. பாவம், என் காதை நினைத்து அழுகிறாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

“அழாதம்மா, இப்ப வலிக்கல” என்றேன்.

“சத்தம் போடாம வாடா சாமி,” என்று அவள் என் வாயைப் பொத்தினாள். “அவங்க பேசட்டும்.”

மழையைப் பற்றிப் பேசுவதைக் கேட்க இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.