ஏழாம் இடத்துப் பாம்பு

பவானி அக்கா காலமான செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவரது கையில் கிடக்கும் பாம்புக் காப்பை யார் கழற்றுவது என்ற ஆலோசனை தொடங்கிவிட்டது. இரங்கல் அதன் பின்னரே வந்தது.

அக்கா ரொறன்ரோவில் ஒரு நூதனசாலையின் ரோமானியக் கூடத்தில் என்னோடு நீண்ட காலம் வழிகாட்டியாக இருந்தவர். மணம் செய்யவில்லை. சாதகத்தில் ஏழாம் இடத்தில் பாம்பு இருந்ததாம், கணவனுக்கு ஆகாதாம். நான்கு மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பாம்பைக் கண்டு ஓடினார்கள். ஒருவரும் பெண்ணைக் கண்டதில்லை.

கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமானியப் பெண்ணொருத்தியின் பொன் காப்பு உண்டு; மணிக்கட்டைச் சுற்றும் பாம்பு. வேலைக்கு வந்த முதல் வாரமே அக்கா அதைக் காட்டிச் சொன்னார்:

"இஞ்ச பாரும். உந்த ரோமரின்ர வீட்டைக் காவல் காத்தது பாம்பு. நோய் வருத்தம் மாத்தினது பாம்பு. தோலைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் பிறக்கும் எண்டு கையில போட்டிருக்கினம். எங்கட ஆக்களிட்டைத்தான் அது மாப்பிள்ளையைத் தின்னுது."

அதேபோல ஒன்று செய்யச் சொல்லி ஸ்காபரோ நகைக்கடை ஒன்றில் பொன் கொடுத்தார். கடைக்காரர் பயந்துபோனார்.

"அக்கா, தலைக்குப் பதிலாத் தாமரை மொட்டு வைக்கட்டே?"

"பாம்புக்கு என்னத்துக்கு மொட்டு? நாக்கையும் வையும்."

அன்று முதல் கல்யாண வீடு, கோயில், பல் வைத்தியர் என எங்கும் அதனோடுதான் போனார். கழற்றச் சொன்னவர்களுக்கு ஒரே பதில்: "ஏழில இருக்கிறதை ஒருத்தரும் காணேல்லை. அதுதான் எல்லாரும் காணட்டும் எண்டு கையில போட்டிருக்கிறன்."

கடைசியாக மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்: "என்ர உடம்பைப் பார்வைக்கு வைக்கேக்க அண்ணர் உந்தக் காப்பைக் கழட்டப் பாப்பார். விடாதையும்."

அஜக்ஸ் நகரில் இருக்கும் அந்தத் தமையனாரின் அவசரத்தையும் அக்காவே சொல்லியிருந்தார். தமையனாரின் மகள் துளசியின் சாதகத்திலும் அதே இடத்தில் அதே பாம்பு. தமையனார் ஒரு சோதிடரைப் பிடித்து அதை வேறிடத்துக்கு மாற்றி எழுதுவித்துவிட்டு, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அஞ்சலி செலுத்த வருவதாக இருந்தது.

பார்வை நாளில் மண்டபத்தில் நான் சவப்பெட்டியருகே நின்றேன். தமையனார் காப்பைக் கழற்றவில்லை, சால்வையால் மூடினார்.

"அண்ணை, அக்கா அதைக் கழட்டவே வேண்டாம் எண்டு சொன்னவ. மூடவும் வேண்டாம்."

"உமக்கென்ன காணும்? என்ர பிள்ளையின்ர வாழ்க்கை!"

அந்தப் பிள்ளை வந்து சால்வையை எடுத்து, ஒழுங்காக மடித்து, தகப்பனிடம் கொடுத்தாள். பிறகு அங்கேயே நின்றாள்.

மாப்பிள்ளையின் தாயார் வந்து குனிந்து பார்த்தார். "உது என்ன பிள்ளை?"

"பாம்பு அன்ரி. என்ர சாதகத்திலயும் இருக்கு. அப்பா மாத்தி எழுதுவிச்சவர்."

தமையனார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். தாயார் கையிலிருந்த பூவை அக்காவின் விரல்களின்மேல் வைத்தார், பாம்பின் தலை மறையாமல்.

அக்கா, வந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். அன்று மண்டபத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் உயிரோடுதான் வீடு திரும்பினார்கள். நிம்மதியாகப் போங்கள்.